ரீச்சரைக் கேளுங்கள்: மேடைக்கு வரமாட்டேன் என்ற அப்பா

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு ஒரே விடயத்தைத் தொடுகின்றன. தீயணைப்புப் பிரிவில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், அவர்களின் மேற்படிப்பு, அதற்குக் கிடைக்கிற புலமைப்பரிசில். நான்கையும் ஒன்றாகவே எடுத்திருக்கிறேன். முதற் கடிதம் எழுதிய பிள்ளை கெதியாக முடிவு சொல்லவேண்டியிருப்பதால் அதற்குத்தான் கூடுதல் இடம்.

கேள்வி: ரீச்சருக்கு வணக்கம். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். அப்பா இங்கே தீயணைப்பு வீரர். ஓர் அமைப்பு நான்கு வருடத்துக்கு எனக்கு மாதாமாதம் புலமைப்பரிசில் தர முன்வந்திருக்கிறது. நல்ல தொகை. ஆனால் விழா வைத்துத்தான் தருவார்களாம். அப்பா சீருடையோடு மேடைக்கு வரவேணுமாம். சில வருடங்களுக்கு முதல் ஒரு மாடிக் கடை எரிந்தபோது அவருடைய கை வெந்த கதையை நான் ஒலிவாங்கியில் சொல்லவேணுமாம். காணொளியும் எடுப்பார்களாம். அப்பா, "காசு வேணுமெண்டால் வாங்கு, என்னைக் கூப்பிடாத" என்கிறார். அம்மா, "தாறவை ஒண்டு கேட்டால் செய்யத்தானே வேணும்" என்கிறா. அந்த நெருப்பில் மேல்மாடியில் இருந்த ஒரு வயதான அம்மா இறந்துபோனார். அப்பா அதைப்பற்றிக் கதைப்பதில்லை. சித்தப்பா வேறு, "சம்பளம் எடுக்கிற வீட்டுக்கு எதுக்கு மற்றவன்ர காசு" என்று கேட்கிறார். இந்தப் புலமைப்பரிசிலே வேண்டாம் என்று சொல்லிவிடவா?
மகள், உவர்மலை

பதில்: மகள், முதலில் என் வாழ்த்து. பேராதனைப் பொறியியலுக்குப் போவது திருகோணமலைப் பிள்ளைக்கு லேசான காரியமா? பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று ஒதுக்கிய 16 மாவட்டங்களுக்கு. எங்கள் மாவட்டமும் அந்தப் பதினாறில் ஒன்று. எந்தக் கணக்கில் உள்ளே வந்தாய் என்று அங்கே யாராவது கேட்டால் தலை குனியாதே. கொழும்புப் பிள்ளை எழுதிய அதே வினாத்தாளைத்தான் நீயும் எழுதினாய், அதுவும் இணைந்த கணிதத்துக்கு நல்ல ரியூசன் தேடி அலைகிற ஊரில் இருந்துகொண்டு.

இனி உன் கேள்வி. புலமைப்பரிசிலை வேண்டாம் என்று சொல்லாதே. அப்பாவை மேடைக்கு இழுக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து வழி இருக்கிறது.

வீட்டில் ஆர் ஆர் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறாய். அந்த வயதான அம்மா இறந்ததை மட்டும் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டாய். என் கண் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. அமைப்புக்காரருக்கு அந்த இரவு என்றால் உன் அப்பாவின் வெந்த கை. உன் அப்பாவுக்கு அந்த இரவு என்றால் அவர் ஏறி முடிக்காத மாடிப்படியாக இருக்கலாம். ஊர் கைதட்டக் காத்திருக்கிற கதை அவருக்குத் தான் தோற்ற கதையாக இருந்தால், சீருடை போட்டுக்கொண்டு எந்த முகத்தோடு அந்தக் கைதட்டலை வாங்குவார்?

இன்னொன்றையும் யோசித்துப் பார். திருகோணமலை எவ்வளவு சின்ன ஊர் என்று உனக்குத் தெரியும். மத்திய வீதியில் ஒரு கடை எரிந்தால் விடிவதற்குள் மூதூர்வரை கதை போய்விடும். அந்த அம்மாவின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இந்த ஊரில்தான் இருப்பார்கள். விழா மண்டபத்தில் அவர்களில் ஒருவர் வந்து இருந்தால்? நீ ஒலிவாங்கியில் அப்பாவின் கையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, தங்கள் தாயின் சாவு இன்னொரு வீட்டின் பரிசளிப்பில் ஒரு சம்பவமாக வாசிக்கப்படுவதை அவர் இருந்து கேட்கவேண்டும். காணொளி முகநூலில் ஏறினால் வராதவர்களும் பார்ப்பார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வராமல்தான் உன் அப்பா "என்னைக் கூப்பிடாத" என்று சுருக்கமாக முடித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். வீட்டில் அதை வீம்பு என்று ஆரும் சொன்னால் நீ ஒத்துக்கொள்ளாதே. செத்துப்போன ஒரு மனுசிக்கு அவர் கொடுக்கிற மரியாதை அது.

நான் அவரைக் கண்டதில்லை. ஆகவே நீயே கேட்டுத் தெரிந்துகொள். இரவுக் கடமை முடித்து வந்த காலையில் கேட்காதே, நித்திரை கொள்ளட்டும். பின்னேரம் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அம்மாவும் சித்தப்பாவும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேள். "ஏன் வரமாட்டீங்கள்" என்று தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார். "அந்த அம்மாவின்ர வீட்டாக்கள் இப்ப எங்க இருக்கினம் அப்பா?" என்று கேட்டுப்பார். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை விளங்கிக்கொண்டுவிட்டாள் என்பதாவது அவருக்குப் போய்ச் சேரும்.

நான் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்த காலத்தில் ஒரு மாணவனின் தகப்பன் தீயணைப்பு வீரராக இருந்தார். ஒருமுறை பெற்றோர் கூட்டத்துக்கு வேலை முடிந்த கையோடு வந்திருந்தார். குளித்து, வெள்ளைச் சேட்டு மாற்றி, தலையும் படிய இழுத்திருந்தார். அப்படியிருந்தும் பக்கத்து வாங்கில் இருந்த எனக்குப் புகை மணத்தது. றப்பரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை ஒரு குளிப்புக்குப் போகாது, தலைமயிருக்குள்ளும் நகக்கண்ணுக்குள்ளும் கிடக்கும். தன்னில் மணக்கிறது என்று தெரிந்தோ என்னவோ, மற்றவர்களை விட்டுத் தள்ளி யன்னலோரமாகப் போய் இருந்தார். மற்றப் பெற்றோர் எல்லாரும் என்ன பெறுபேறு வரும், எந்தப் பீடம் கிடைக்கும் என்று கேட்டார்கள். இவர் கேட்டது ஒன்றுதான். "தொகையீடு இவனுக்கு விளங்குதில்லையாம் ரீச்சர். நான் இரவில வீட்ட இல்லாத நாளில இவன் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" அந்தக் கேள்விக்காகவே பையனைச் சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். அப்படிப்பட்ட ஒரு மனிதரை விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, சேட்டுக் கையை மடித்துக் காட்டச் சொன்னால் என்ன பாடுபடுவார் என்பது எனக்குத் தெரியும்.

இந்த விடயத்தில் எனக்குக் கோபம் வருவதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரப் பாடசாலைகளுக்கு உதவி வந்து குவிந்தது. புத்தகப்பை, சப்பாத்து, சைக்கிள், புலமைப்பரிசில். தந்தவர்களில் பலர் மனம் நிறைந்து தந்தார்கள். அவர்களால் படித்து ஆளான பிள்ளைகளை நான் அறிவேன். சிலர் மட்டும் படம் பிடிக்கவே வந்தார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை, இறந்துபோன தாயின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். கண்ணாடியில் வெயில் பட்டு மினுங்குகிறது, கொஞ்சம் சரித்துப் பிடி என்று படம் எடுத்தவர் சொல்ல, அவனும் சரித்துப் பிடித்தான். நான் போய் அந்தப் படத்தை வாங்கி அவனுடைய பையில் வைத்து, அவனை வகுப்புக்கு அனுப்பினேன். வந்தவர்களின் முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் சைக்கிளைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அதனால்தான் உனக்கும் சொல்கிறேன், மரியாதையாக மறுத்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். ஒருவரும் மறுக்காதபடியால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

காசு தருகிறவர்களுக்கும் உன்னிடம் கேட்க உரிமை உண்டு, அதை இல்லையென்று சொல்லாதே. படிக்கிறாயா, பரீட்சைக்குத் தோற்றினாயா, பெறுபேறு என்ன, காசு படிப்புக்குத்தான் போகிறதா என்று கேட்கட்டும். அவர்கள் கேட்க முதலே நீ அனுப்பு. மேடையில் நீ ஏறு, நன்றி சொல்லு, எந்தத் துறையில் என்ன படிக்கப்போகிறாய் என்று சொல்லு. உன் படத்தை அவர்கள் ஆண்டு மலரில் போடட்டும். உன் அப்பாவின் தோலும் அந்த அம்மாவின் சாவும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் வரக்கூடாது.

தொலைபேசியில் கதைக்காதே. கதைத்தால் "சின்ன விசயம்தானே பிள்ளை" என்று உன்னைச் சம்மதிக்க வைத்துவிடுவார்கள். கடிதம் எழுது. இப்படி எழுதலாம்:

"நீங்கள் எனக்குத் தரவிருக்கும் புலமைப்பரிசிலுக்கு நானும் குடும்பத்தாரும் மிகவும் கடமைப்பட்டுள்ளோம். விழாவுக்கு நானும் அம்மாவும் வருவோம். என் படிப்பைப் பற்றியும் எதிர்காலத் திட்டத்தைப் பற்றியும் மேடையில் பேச விரும்புகிறேன். அப்பா விழாவில் கலந்துகொள்ளமாட்டார். குறிப்பிட்ட தீ விபத்தில் ஒருவர் உயிரிழந்திருப்பதாலும், அவருடைய குடும்பத்தினர் இந்த ஊரில் வாழ்வதாலும் அந்தச் சம்பவத்தைப் பற்றி நான் பேசுவது பொருத்தமில்லை என்று கருதுகிறேன். காணொளியிலும் அறிக்கையிலும் அதைத் தவிர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பரீட்சைப் பெறுபேற்றையும் தவறாமல் உங்களுக்கு அனுப்பிவைப்பேன். நான்கு வருடம் என்பது நாட்காட்டிக் கணக்கா, இறுதிப் பரீட்சை முடியும்வரையா என்பதையும் அறியத் தந்தால் உதவியாக இருக்கும்."

கடைசி வரியை விட்டுவிடாதே. வேலைநிறுத்தம், கொரோனா என்று எங்கள் பல்கலைக்கழகங்களில் நான்கு வருடப் படிப்பு ஐந்து வருடமாக இழுபட்டதை எல்லாரும் கண்டோம். கடைசி வருடத்தில், செயற்றிட்டமும் பயிற்சியுமாகச் செலவு கூடுகிற நேரத்தில், காசு நின்றுபோன பிள்ளைகள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

சித்தப்பாவுக்கு ஒரு பதில். இந்த வேலைக்குக் கிடைக்கிற சம்பளச் சீட்டில் எழுதப்படாத செலவு ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022 இல், தீயணைப்பு வேலையில் உடம்புக்குள் போகிறவை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவுசெய்து, அந்த வேலையை முதலாம் வகுப்பில் சேர்த்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் இருக்கிற வகுப்பு அது. நெருப்பில் கை வேகுவது ஊருக்குத் தெரியும். வருடக்கணக்காக மூச்சோடு உள்ளே போனது ஆருக்கும் தெரியாது. இந்த வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு ஊர் கொஞ்சம் தோள் கொடுத்தால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஒருவேளை அமைப்பு மறுத்துவிட்டால் என்ன செய்வது? அப்போதும் பேராதனைக்குப் போ. 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இன்னும் இருக்கிறது, படிப்புக் கட்டணம் உனக்கு இல்லை. 1981 இல் லலித் அத்துலத்முதலி அமைத்த, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் தருகிற மகாபொல நிதியம் இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலத் தவணையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி என்கிற மற்ற அரச உதவித்தொகையை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். வருடத்துக்குப் பத்துத் தவணை. 7,500 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 75,000. மடிகணினிக்கும் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்கும் சேர்த்து இது காணாது, உண்மை. விடுதி கிடைத்தால் பெரிய பாரம் குறையும், ஆகவே பதிவு செய்கிற நாளிலேயே விடுதி விண்ணப்பத்தையும் கொடு. முதல் தவணை கைக்கு வரச் சில மாதம் எடுக்கும், அதுவரைக்குமான காசை வீட்டில் இப்போதே ஒதுக்கி வைக்கச் சொல்லு. அமைப்பின் காசு கிடைத்தால், அரச உதவிக்கான படிவத்தில் வேறு உதவி பெறுகிறாயா என்று கேட்கிற இடத்தில் மறைக்காமல் எழுது.

அம்மா உன்னைத் தூர அனுப்பப் பயப்படுகிறா என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாய். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று பஸ்ஸில் போகிற வழி முதல் தரம் நீளமாகத்தான் தெரியும். பேராதனை வளாகத்துக்குள்ளால் ஓடுகிற மகாவலிதான் எங்கள் கொட்டியாரக் குடாவில் வந்து கடலில் விழுகிறது என்று அம்மாவிடம் சொல்லு. போகிற இடம் அவவுக்குக் கொஞ்சம் கிட்ட வரும்.

கேள்வி: நானும் தீயணைப்புப் பிரிவில்தான் வேலை. மேலதிக நேரக் கொடுப்பனவைச் சேர்த்தால் என் ஆண்டு வருமானம் கூடுதலாகக் காட்டுகிறது. இதனால் மகனுக்கு மகாபொல கிடைக்காமல் போகலாம் என்கிறார்கள். கிராம உத்தியோகத்தரிடம் குறைத்து எழுதித் தரச் சொல்லலாமா?
ஒரு தகப்பன், பாலையூற்று

பதில்: வேண்டாம் தம்பி. நீங்கள் மாதச் சம்பளக்காரர். உங்கள் வருமானத்துக்குச் சாட்சி உங்கள் திணைக்களத் தலைவர் தருகிற சம்பள விபரம், கிராம உத்தியோகத்தர் எழுதுவது அதோடு பொருந்தவேணும். பொய் என்று பிடிபட்டால் உதவி நிற்கும், வாங்கியதைத் திருப்பிக் கட்டவும் வரும். அதைவிட, மகன் தன் வாழ்க்கையில் கையெழுத்து வைக்கிற முதற் பெரிய படிவத்தில் தகப்பன் பொய் எழுதினார் என்பதை அவன் மறக்கமாட்டான்.

வருமானம் ஒன்றை மட்டும் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். மகாபொலவில் திறமைக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. பரீட்சையில் முன்னுக்கு நின்ற பிள்ளைகளுக்கு அது. மற்றப் பிரிவிலும் பர்சரியிலும் படிக்கிற சகோதரங்களின் எண்ணிக்கை போன்றவையும் கணக்கில் வரும். உங்கள் மற்றப் பிள்ளைகள் பாடசாலையில் இருந்தால் அதிபரின் கடிதங்களை எடுத்து இணையுங்கள். பலர் இந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று பிறகு கவலைப்படுகிறார்கள். உங்கள் 'பட்டினமும் சூழலும்' பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்த வேண்டியவற்றைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள்.

கேள்வி: நான் திருகோணமலையில் படித்தவன், இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் சிலிண்டர்கள் வெடித்த நாட்களில், அன்புவழிபுரத்தில் தனியாக இருந்த என் அம்மாவின் குசினியிலும் தீப்பிடித்தது. தீயணைப்புக்காரர் வந்து அம்மாவை வெளியே கொண்டுவந்து, சிலிண்டரையும் அப்புறப்படுத்தினார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் ஒன்று தொடங்க விரும்புகிறேன். எப்படிச் செய்தால் நல்லது?
பழைய மாணவன், ஸ்காபரோ

பதில்: தம்பி, உங்கள் அம்மா சுகமாக இருக்கிறா என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உதவி செய்கிற எண்ணம் பலருக்கு வரும், எப்படிச் செய்தால் நல்லது என்று முதலில் கேட்பவர் குறைவு. முதற் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலையும் வாசியுங்கள், மேடையைப் பற்றிய என் கருத்து அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் கடமையில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் குடும்பங்களுக்கென்று தேசிய அளவில் ஒரு நிறுவனம் இருக்கிறது. மேரிலாந்து மாநிலத்தின் எமிற்ஸ்பேர்க்கில் அவர்களின் நினைவிடமும் உண்டு. இறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் துணைவருக்கும் படிப்புக்கு உதவுகிறார்கள். 2001 செப்டெம்பர் 11 அன்று நியூயோர்க் தீயணைப்புத் திணைக்களத்தில் மட்டும் 343 பேர் இறந்தார்கள். அத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவி தேவைப்பட்டது. அந்த நாட்டின் கணக்கு அது. நீங்கள் இங்கே தொடங்கும்போது தகப்பன் செத்தால்தான் பிள்ளைக்குக் காசு என்று நிபந்தனை வைக்காதீர்கள். உயிரோடு இருந்து, நாளைக்கும் வேலைக்குப் போகப்போகிற மனிதரின் பிள்ளைக்குக் கொடுங்கள். அம்மாவைத் தூக்கி வந்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தானே.

நிரந்தர நியமனம் பெற்றவர்களின் பிள்ளைகள் என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். உள்ளூராட்சி சபைகளில் அமைய அடிப்படையில் வருடக்கணக்காக வேலை செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் சம்பளமும் குறைவு, பாதுகாப்பும் குறைவு. விண்ணப்பம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் இருக்கிறோம், அம்மாவின் வீட்டுக்குத் தண்ணீர் அடித்தவர் எந்த மொழிக்காரர் என்று அம்மாவும் பார்க்கவில்லை.

தொகையைப் பற்றி. ஒருதரம் பெரிய காசோலை கொடுத்துப் படம் எடுப்பதைவிட, மாதாமாதம் ஒரே திகதியில் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்கு வருகிற சின்னத் தொகை நூறு மடங்கு நல்லது. அந்தத் திகதி தவறக்கூடாது. போடிங் வீட்டுக்காரர் உங்கள் மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கமாட்டார். தொகையை ரூபாவில் எழுதி அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதற்கு முதல் வருடம் தாராளமாகத் தெரிந்த புலமைப்பரிசில் அந்த வருடம் மதியச் சாப்பாட்டுக்கே காணவில்லை. வருடத்துக்கு ஒருமுறை விலைவாசியைப் பார்த்துத் திருத்துங்கள்.

எல்லாரும் தவறவிடுகிற ஒரு காலம் இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்து, தரவரிசைக்கான இசட் புள்ளி வந்து, எந்தப் பீடத்துக்கு எவ்வளவு வேணும் என்கிற வெட்டுப்புள்ளி வந்து, பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைக்கப் பல மாதம் போய்விடும். அந்த மாதங்களில் வசதியான வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் படிக்கும், கணினி படிக்கும். வசதியில்லாத பிள்ளை கடையில் வேலைக்கு நிற்கும், சிலர் அப்படியே நின்றும்விடுவார்கள். உங்கள் புலமைப்பரிசில் பல்கலைக்கழகம் தொடங்கிய நாளிலிருந்து இல்லாமல், பெறுபேறு வந்த மாதத்திலிருந்தே தொடங்கட்டும். வேறு ஒன்றும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள் என்று கேட்பேன். வைத்தியமும் பொறியியலும் படிக்கிறவர்களோடு நிற்கவும் வேண்டாம். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் படிக்கிறவர்களும், உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் டிப்ளோமா செய்கிறவர்களும் அந்த வீடுகளின் பிள்ளைகள்தான்.

ஏதாவது ஒரு நாளை ஒட்டிக் கொடுக்க விரும்பினால் மே 4 சர்வதேசத் தீயணைப்பாளர் தினம். 1998 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவின் லின்ரன் காட்டுத்தீயில் ஐந்து வீரர்கள் இறந்த பிறகு உலகம் கடைப்பிடிக்கத் தொடங்கிய நாள். இந்தியாவில் ஏப்ரல் 14. 1944 இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் பலர் மாண்ட நாள் அது. எங்களுக்கு அன்று பெரும்பாலும் சித்திரைப் புத்தாண்டு வந்துவிடும், ஆகவே மே 4 வசதி. அன்றைக்கு ஊருக்கு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் அவர்களோடு தேத்தண்ணி குடியுங்கள். எங்கள் ஊருக்கு இந்த ஆட்கள் எவ்வளவு தேவை என்று அறிய விரும்பினால் சீனக்குடாப் பக்கம் ஒரு நடை போங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது அங்கே எண்ணெய்த் தாங்கி பற்றி நாட்கணக்காக எரிந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். வெள்ளைக்காரன் கட்டிய தாங்கிகளில் 99 இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன. துறைமுகமும் எண்ணெயும் உள்ள ஊரில் நெருப்பு என்பது குசினியோடு முடிகிற விடயமில்லை.

கேள்வி: என் அப்பா தீயணைப்பு வீரர். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அப்பாவோடு வேலை செய்கிறவரின் மகளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்ததிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சாகவே இருக்கிறது. எனக்கு வெளியில் போகவே மனமில்லை.
மகன், செல்வநாயகபுரம்

பதில்: மகன், மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை ஒளிந்திருக்க என்ன இருக்கிறது? வெட்டுப்புள்ளி என்பது இருக்கிற கதிரைகளின் எண்ணிக்கையால் வருவது. உன் அறிவை ஆரும் அளந்து வெட்டவில்லை. வீட்டில் மற்றப் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வரும்போது எழும்பிப் போகாமல், "எனக்கு இந்தக் கிழமை இங்க இங்க போகவேணும், பஸ் காசு தாங்கோ" என்று கேள். பேச்சு தன்னால் திசை மாறும்.

போகவேண்டிய இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, திருகோணமலை உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம். உயர் தேசிய டிப்ளோமா செய்யலாம், அது அரச நிறுவனம். இந்த வருடம் என்னென்ன பாடநெறி என்று நேரில் போய்க் கேள், நண்பர்கள் சொல்வதை நம்பி இராதே. இரண்டாவது, வேலை செய்துகொண்டே பட்டம் படிக்க விரும்பினால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். மூன்றாவது, தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டப்படிப்புக்கு அரசாங்கம் 2017 இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன். அது கடன், திருப்பிக் கட்டவேணும். ஆகவே எடுக்க முதல் அப்பாவோடு இருந்து மாதக் கணக்குப் போட்டுப் பார். உயர்தரப் பெறுபேறு வந்து அதிக காலம் போகுமுன் விண்ணப்பித்தால்தான் இவற்றில் சில கிடைக்கும், அதனால் இந்தக் கிழமையே தொடங்கு. போகும்போது சாதாரணதர, உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுப் பத்திரங்களின் மூலப்பிரதியும், பிரதி எடுத்தவையும், அடையாள அட்டையும் ஒரு கோவையில் போட்டுக் கொண்டு போ.